லிங்க் ஆகுது, ஓடுதில்லை: வன்னிப் பெடியளின்ர லைப்ரரிக் கேள்வியள்

கேள்வி (கிளிநொச்சி, அறிவியல் நகர்): அண்ணை, உபுண்டு லினக்ஸ் 22.04 இல கட்டின புறோகிராம் கூட்டாளியின்ர 20.04 இல ஓடுதில்லை, ஜிலிப்சி (glibc, லினக்ஸின்ர அடிப்படை சி லைப்ரரி) 2.34 காணேல்லை எண்டு நிக்குது. லைப்ரரியைக் கொப்பி பண்ணிக் குடுக்கவோ?

பதில்: வேண்டாம் தம்பி, சிஸ்டத்தின்ர ஜிலிப்சியில கை வச்சா முழு மெசினும் படுத்திடும். உங்களிட்ட இருக்கிறது 2.35, அவரிட்ட 2.31, பழசில கட்டினது புதுசில ஓடும், மற்றப்பக்கம் நம்பேலாது. பிறகேன் 2.34 கேக்குதெண்டா, அந்தப் பதிப்பிலதான் பீத்ரெட்டை (pthread, ஒரே நேரத்தில பல வேலை ஓட்டுற லைப்ரரி) லிப்சிக்குள்ள (libc, ஜிலிப்சியின்ர முக்கிய ஃபைல்) சேர்த்தவங்கள், புறோகிராமைத் தொடக்கிவிடுற ஃபங்ஷனுக்கும் புதுப் பதிப்பு நம்பர் குடுத்தவங்கள், அதால வெறும் ஹலோ வேர்ல்டும் மாட்டும். 20.04 டொக்கர் கொண்டெய்னருக்குள்ள (உங்கட மெசினுக்குள்ளயே தனியா ஓடுற 20.04 சூழல்) கட்டுங்கோ, சரி.

கேள்வி (புதுக்குடியிருப்பு): கடையில பில் போடுற சொஃப்ட்வெயார் விசிறன்டைம்140 டிஎல்எல் (vcruntime140.dll, விண்டோஸ் லைப்ரரி ஃபைல்) இல்லை எண்டுது, ஒரு சைட்டில சும்மா கிடக்கு, இறக்கவோ?

பதில்: ஐயோ அக்கா, அதுக்குள்ள என்னத்தைக் கலந்து வச்சிருக்கிறாங்களோ! மைக்ரோசொஃப்டின்ர விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிளைப் (அந்த டிஎல்எல் உள்ள இன்ஸ்டோலர்) போடுங்கோ. சொஃப்ட்வெயார் 32 பிட் எண்டா மெசின் 64 பிட்டா இருந்தாலும் எக்ஸ்86 (32 பிட்) பதிப்புத்தான் வேணும்.

கேள்வி (முல்லைத்தீவு): லினக்ஸில வடிவா லிங்க் ஆன (கோட் துண்டுகள் ஒண்டாச் சேர்ந்த) லைப்ரரி விண்டோஸில அன்ரிசோல்வ்ட் எக்ஸ்டர்னல் (தேடின பெயர் கிடைக்கேல்லை) எண்டு கொட்டுது, ஒரே கோட் தானே?

பதில்: லினக்ஸ் லிங்கர் ஷெயார்ட் லைப்ரரி (ஓடேக்க சேருற .so ஃபைல்) கட்டேக்க காணாத சிம்பலைப் (ஃபங்ஷன் மாதிரியானதுகளின்ர பெயர்) பிறகு பாப்பம் எண்டு விட்டிடும். விண்டோஸ் விடாது, டிஎல்எல் கட்டேக்கையே இம்போர்ட் லைப்ரரியைக் (பெயர் எந்த டிஎல்எல்லில இருக்கெண்டு சொல்லுற .lib ஃபைல்) காட்டோணும், ஆப்பிள் மக்கும் அப்பிடித்தான் அடம்பிடிக்கும். லினக்ஸிலயே லிங்கருக்கு இசட் டெஃப்ஸ் (-z defs) ஒப்ஷன் குடுத்தா இந்தப் பிழை எல்லாம் அங்கயே வெளியில வந்திடும், நான் எப்பவும் போடுறது.

கேள்வி (வவுனியா): விண்டோஸில டிஎல்எல்லைப் பக்கத்தில வச்சாக் காணும். லினக்ஸில எஸ்ஓவை (.so) அதே ஃபோல்டரில வச்சும் காணேல்லை எண்டுது, ஏன் அண்ணை?

பதில்: விண்டோஸ் எக்ஸிஈ இருக்கிற ஃபோல்டரையும் பாக்கும், லினக்ஸ் தன்பாட்டில பாக்காது தங்கச்சி. லிங்க் பண்ணேக்க ஆர்பாத்தில (rpath, லைப்ரரியைத் தேடுற இடம்) டொலர் ஒரிஜின் ($ORIGIN, புறோகிராம் இருக்கிற ஃபோல்டர்) எழுதுங்கோ, மேக்ஃபைலுக்குள்ள (கட்டுற கட்டளையள் இருக்கிற ஃபைல்) எண்டா டொலரை ரெண்டுதரம் போடோணும், ஷெல் விழுங்காமல் சிங்கிள் கோட்டுக்குள்ளயும் வையுங்கோ, இல்லாட்டி பாத் உடைஞ்சு கிடக்கும், லிங்க் பண்ணேக்க எறரும் வராது. எழுதினது சரியோ எண்டு ரீட்எல்ஃப் டி (readelf -d) போட்டுப் பாருங்கோ. எல்டிடியும் (ldd) காட்டும், ஆனா தெரியாத ஆக்கள் தந்த ஃபைலில அதை ஓட்டாதேங்கோ, சிலவேளை அந்தப் புறோகிராமே ஓடத் தொடங்கிடும். மக்கில ஒரிஜினுக்குப் பதில் லோடர் பாத் (@loader_path), இன்ஸ்டோல் நேம் டூலால (install_name_tool) மாத்தலாம், மாத்தினாப் பிறகு கோட்சைன் (codesign, டிஜிட்டல் கையெழுத்து) திரும்ப அடிக்கோணும், இல்லாட்டி எம்1 (ஆப்பிள் சிப்) மெசின் திறக்க முதலே கொண்டுபோடும்.