பாஸ்வேர்டு கேட்காமலே உள்ளே வருகிறதே, எப்படி?

கேள்வி: பி.டி.எஃப். ஃபைல்களைச் சேர்த்துத் தரும் தளம் ஒன்றில் கூகுள் கணக்கு வழியாக நுழைந்தேன். பாஸ்வேர்டு எதுவும் கேட்கவில்லை. ஆனால் என் கூகுள் டிரைவில் (ஃபைல்களைச் சேமித்து வைக்கும் இடம்) இருப்பதெல்லாம் அதில் தெரிகிறது. ஆபத்தா?
– வாசகி, வில்லிவாக்கம்

பதில்: உங்கள் பாஸ்வேர்டு அந்தத் தளத்துக்குப் போகவில்லை. ‘ஓ-ஆத்’ என்ற முறையில், தளம் உங்களைக் கூகுளின் பக்கத்துக்கு அனுப்புகிறது. நீங்கள் ‘சரி’ என்றதும் கூகுள் அதற்கு ஒரு டோக்கன் தருகிறது. பொங்கல் பரிசுக்கு ரேஷன் கடையில் தரும் டோக்கன் மாதிரிதான்: எதை வாங்கலாம், எப்போது வரை என்பது அதிலேயே அடக்கம். கூகுளின் டோக்கன் வழக்கமாக ஒரு மணி நேரத்தில் காலாவதியாகும். ஆனால் கூடவே புதுப்பிக்கும் டோக்கனும் கொடுத்திருந்தால், உங்களைக் கேட்காமலே தளம் அடுத்ததை வாங்கிக்கொள்ளும்.

சிக்கல் அனுமதிப் பக்கத்தில்தான். ‘டிரைவில் உள்ள எல்லா ஃபைல்களையும் பார்க்க, திருத்த, நீக்க’ என்று ஒரு வகை. ‘இந்த ஆப்பில் பயன்படுத்தும் ஃபைல்களை மட்டும்’ என்று இன்னொரு வகை. நாலு பக்கத்தைச் சேர்க்க இரண்டாவதே தாராளம். முதலாவதைக் கேட்டால் ‘ரத்து’ அழுத்திவிட்டு, ஃபைலை நேரடியாக ஏற்றுங்கள்.

பக்கம் அசல் கூகுளுடையது என்பதாலேயே நம்பிவிடவும் கூடாது. 2017 மே மாதம் ‘கூகுள் டாக்ஸ்’ என்றே பெயர் வைத்துக்கொண்ட ஒரு போலி ஆப், அசல் அனுமதிப் பக்கத்தின் வழியாகவே பலரின் ஜிமெயிலுக்குள் நுழைந்தது. அங்கே ஓ.டி.பி. காப்பாற்றாது, அனுமதி கொடுப்பதே நீங்கள்தானே! ஆப்பின் பெயரை மட்டும் வைத்து நம்பிவிடாதீர்கள். பெயரை அழுத்தினால் அதை உருவாக்கியவரின் மெயில் முகவரி தெரியும், அதைப் பாருங்கள்.

கேள்வி: கூகுள் கணக்கு வழியாக நுழைந்த ஓர் ஆப்பை போனிலிருந்து அழித்து, கூகுள் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டேன். போதுமா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: போதாது. டோக்கன் உங்கள் போனில் இல்லை, ஆப்பை நடத்துபவர்களுடைய சர்வரில் இருக்கிறது. பாஸ்வேர்டை மாற்றினால் ஜிமெயில் தொடர்பான டோக்கன்களைக் கூகுள் ரத்து செய்கிறது. டிரைவுக்கு மட்டும் வாங்கியது அப்படியே நிற்கலாம். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில், இணைக்கப்பட்ட வெளி ஆப்களின் பட்டியலைத் திறந்து, அதன் பெயரைத் தொட்டு, இணைப்பை நீக்குங்கள். அதற்குமுன் அவர்கள் பிரதி எடுத்து வைத்த ஃபைல்கள் இதனால் அழியாது. அந்த ஆப்பில் உள்ள உங்கள் கணக்கையும் தனியாக நீக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.