நுரையீரல் திடீரெனச் செயலிழந்தால் அதைக் குணமாக்க மருந்தே இல்லையா?

நியுமோனியாவுடன் அனுமதிக்கப்பட்ட தந்தையார் இப்போது சுவாச இயந்திரத்தில் இருக்கிறார், எவ்வளவு விலையானாலும் வாங்கித் தருகிறோம் என்று சொல்லியும் வைத்தியர்கள் மருந்து எதையும் எழுதித் தரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். திருகோணமலையில் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் தாதிய உத்தியோகத்தராக இருக்கும் என்னிடமும் உறவினர்கள் இதையே கேட்பார்கள்.

நுரையீரலின் காற்றுச் சிற்றறைகளின் சுவர் பழுதாகி, குருதியிலிருந்து நீர் கசிந்து அவற்றில் நிரம்புவதே ARDS எனப்படும் இந்தத் திடீர் நுரையீரல் செயலிழப்பு. அந்தச் சுவரை நேரடியாகச் செப்பனிடும் மருந்து இன்றுவரை இல்லை. தேடாமல் விடவில்லை: சிற்றறைகள் சுருங்கி மூடிவிடாமல் காத்து, குறைமாதக் குழந்தைகளைக் காப்பாற்றும் சர்ஃபக்டன்ட் என்ற பொருள் பெரியவர்களில் மரணத்தைக் குறைக்கவில்லை, நைட்ரிக் ஒக்சைட் வாயு ஒட்சிசன் அளவைச் சில நாட்கள் உயர்த்தியதே தவிர உயிர்களைக் காக்கவில்லை, ஆஸ்துமா மருந்தான சல்பியூட்டமோலை நாளத்தினூடாகக் கொடுத்த பிரித்தானிய ஆய்வு, மரணங்கள் கூடியதால் இடைநடுவே நிறுத்தப்பட்டு 2012இல் வெளியானது.

நம்பிக்கை தந்திருப்பது டெக்சாமெதசோன் என்ற மலிவான ஸ்டீரொயிட் மருந்து. 2020இல் ‘ரிகவரி’ என்ற பெரிய பிரித்தானிய ஆய்வில் நாளுக்கு 6 மில்லிகிராம் வீதம் 10 நாட்கள் வரை கொடுத்தபோது, சுவாச இயந்திரத்திலிருந்த கொவிட் நோயாளரின் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஒட்சிசன் தேவைப்படாதவர்களுக்கோ பயன் கிடைக்கவில்லை. நோய் தொடங்கி இரண்டு வாரம் கடந்தபின் ஸ்டீரொயிட்டை ஆரம்பித்தவர்களில் மரணம் கூடியதை 2006இன் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. ஆகவே கொடுப்பதா, எப்போது என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்; தயவுசெய்து வெளியில் வாங்கி வந்து வற்புறுத்தாதீர்கள்.

இயந்திரத்தை வெறும் காத்திருப்பு என்றும் எண்ண வேண்டாம். ஒவ்வொரு மூச்சிலும், உயரத்தைக் கொண்டு கணித்த எடையில் கிலோவுக்கு 12 மில்லிலீற்றர் காற்றுக்குப் பதிலாக 6 மட்டும் செலுத்தியபோது, மரணம் 40இலிருந்து 31 சதவீதமாகக் குறைந்ததை 2000ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார்கள். கடுமையான நிலையில் ஒரு நாளில் 16 மணி நேரமளவு குப்புறப் படுக்க வைப்பதும் உயிர் காக்கிறது; அப்படிக் கண்டால் பதற வேண்டாம்.

மருந்து உண்மையில் தாக்க வேண்டியது மூல காரணத்தை. எங்கள் பகுதியில் வயலில் இறங்கியவர்களுக்கு எலிக்காய்ச்சலாலும் இந்நிலை வரும். அதற்குப் பெனிசிலின் போன்ற நுண்ணுயிர்கொல்லி தேவை. காய்ச்சலுக்கு முந்திய மூன்று, நான்கு வாரங்களில் உங்கள் தந்தையார் சேற்றிலோ வெள்ளத்திலோ நின்றிருந்தால், அதை இன்றே வைத்தியரிடம் சொல்லுங்கள்.