போதகரிடம் கணக்குக் கேட்கலாமா?

கேள்வி: எங்களுடையது சின்ன சபை. இந்த வருடம் என்னைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். காணிக்கை எண்ணுவது முதல் பாடகர் குழுவுக்கு ஆள் எடுப்பது வரை எல்லாம் போதகர் ஒருவர் கையில். வரவு செலவைச் சபையில் வாசிக்கலாமே என்றேன். "அபிஷேகம்பண்ணப்பட்டவரைத் தொடாதே. ஆரோனை எதிர்த்த கோராகுக்கு என்ன ஆயிற்று, தெரியாதா?" என்று மூப்பர்கள் வாயை அடைத்துவிட்டார்கள். கேட்பது தவறா?

பதில்: தவறே இல்லை, சகோதரரே. மோசேயின் அண்ணனும் முதல் பிரதான ஆசாரியனுமான ஆரோனை எதிர்த்து மாண்ட லேவியன் கோராகு கேட்டது ஆசாரியப் பட்டத்தை; கணக்கை அல்ல. எண்ணாகமம் 16-ஐ ஒருமுறை நிதானமாக வாசித்தாலே இது விளங்கிவிடும். சங்கீதம் 105-இல் உள்ள "தொடாமலும்" என்ற வசனமும், பரதேசிகளாய்த் திரிந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபை ஒடுக்காதபடி ராஜாக்களுக்குச் சொல்லப்பட்டது. வரவு செலவு நோட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

எபிரெயர் நிருபத்தின்படி நமக்குப் பிரதான ஆசாரியர் கிறிஸ்துவே. அதனால் போதகரை ஆரோன் ஸ்தானத்தில் வைப்பதே எனக்குச் சம்மதமில்லை. வைத்துத்தான் தீருவேன் என்பவர்கள், ஆரோன் வீட்டாருக்கு இருந்த கட்டுப்பாடுகளையும் சேர்த்து வைக்கட்டும்.

லேவியராகமம் 4-ஐப் பாருங்கள். சாதாரண ஜனத்தில் ஒருவன் அறியாமல் பாவம் செய்தால் பலிக்கு ஒரு பெண் வெள்ளாடோ பெண் ஆட்டுக்குட்டியோ போதும். ஜனத்தின் தலைவனான பிரபு என்றால் வெள்ளாட்டுக்கடா. அபிஷேகம் பெற்ற ஆசாரியன் என்றால் காளை. சபையார் எல்லாரும் சேர்ந்து பாவம் செய்தாலும் அதே காளைதான்! ஒரு ஆசாரியனின் தவறு முழுச் சபையின் தவறுக்குச் சமமாக எடைபோடப்பட்டது. அபிஷேகம் அவனுக்குப் பொறுப்பைக் கூட்டியதே தவிர, விலக்கு எதையும் தரவில்லை.

கணக்கு விஷயத்துக்கு வருவோம். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் ஆராதித்த ஆசரிப்புக் கூடாரத்துக்குச் செலவான பொன், வெள்ளி, வெண்கலம் எவ்வளவு என்று யாத்திராகமம் 38 எழுதிவைத்திருக்கிறது. எழுதும் வேலை ஆரோனின் குமாரன் இத்தாமாரின் மேற்பார்வையில் நடந்தது. வெள்ளிக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். எண்ணப்பட்ட புருஷர் 6,03,550 பேர், தலைக்கு அரைச் சேக்கல் (சேக்கலும் தாலந்தும் அந்நாளைய எடை அளவுகள்). மொத்தம் 3,01,775 சேக்கல். தாலந்துக்கு 3,000 சேக்கல் வீதம் அது 100 தாலந்தும் 1,775 சேக்கலும் ஆகிறது. நூறு தாலந்தில், கூடாரத்தின் பலகைகளைத் தாங்கும் அடித்தாங்கிகளான நூறு பாதங்கள் வார்க்கப்பட்டன. மிச்சம் 1,775 சேக்கல் என்ன ஆயிற்று? தூண்களின் கொக்கிகளுக்கும் பூண்களுக்கும் போயிற்று என்று அதுவும் எழுதப்பட்டிருக்கிறது. மோசேயின் நேர்மையை யாரும் சந்தேகித்ததாக அங்கே ஒரு வரி கூட இல்லை. சந்தேகம் வந்த பிறகு காட்டப்பட்ட கணக்கு அல்ல அது. உங்கள் மூப்பர்களிடம் முதலில் இந்த அதிகாரத்தை வாசித்துக் காட்டுங்கள்.

பொறுப்பைப் பங்கிடுவதற்கும் அங்கே ஒழுங்கு இருந்தது. கூடாரத்தைச் சுமந்த லேவியரில் ஒரு வம்சமான மெராரி புத்திரர் சுமக்க வேண்டிய முளைகளும் கயிறுகளும் கூட அவரவருக்குப் பேர்பேராக ஒப்புவிக்கப்பட்டன. பலகைகளும் பாதங்களும் அவர்கள் பொறுப்பு என்பதால் அவர்களுக்கு 4 வண்டிகள், திரைகளைச் சுமந்த கெர்சோன் புத்திரருக்கு 2. வேலையைக் கொடுத்துவிட்டு வண்டி கொடுக்காத சபைகள் இதைக் கவனிக்க வேண்டும். பாடகர் குழுவை ஒருவரிடம் கொடுத்தால், அதற்கான சாவியையும் செலவுப் பணத்தையும் அவரிடமே கொடுங்கள்.

எப்படித் தொடங்குவது? 2 இராஜாக்கள் 12-இல் யூதாவின் ராஜா யோவாஸ் நடந்துகொண்ட விதம் உங்களுக்குப் பொருந்தும். அவன் அரசாண்ட 23-ஆம் வருஷம் வரை ஆசாரியர்கள் ஆலயத்தைப் பழுதுபார்க்கவில்லை. ஏன் என்று கேட்டான். பிறகு நடைமுறையை மாற்றினான். ஆசாரியனாகிய யோய்தாவே ஒரு பெட்டியை எடுத்து, மூடியில் துவாரமிட்டு, பலிபீடத்தருகே வைத்தான். பெட்டி நிறைந்ததும் ராஜாவின் சம்பிரதியும் (எழுத்தரும்) பிரதான ஆசாரியனும் சேர்ந்து எண்ணிப் பையில் கட்டினார்கள். வேலைக்காரருக்குக் கூலி கொடுத்தவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை என்ற வசனமும் அதே அதிகாரத்தில் உண்டு. அதை உங்களிடம் எடுத்துக் காட்டுவார்கள். இரண்டு பேர் எண்ணிக் கட்டிய பிறகுதான் பணம் அவர்கள் கைக்குப் போனது என்பதை அப்போது சொல்லுங்கள்.

ஆகவே கமிட்டியில் பேசுவதற்கு முன் போதகரைத் தனியாகச் சந்தியுங்கள். பழைய வருடங்களின் கணக்கை இப்போது கிளற வேண்டாம். குறிப்பான புகார் எழுந்தால் அது தனி விசாரணை. ஆராதனை முடிந்த கையோடு உறவினரல்லாத இருவர் காணிக்கையை எண்ணிக் கையெழுத்திடுவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொருளாளர் சபையில் வாசிப்பது, இந்த இரண்டை மட்டும் கேளுங்கள். அந்தத் தீர்மானத்தைப் போதகரே கமிட்டியில் முன்மொழியட்டும். அவர் மறுத்தால், உங்கள் சபைச் சட்டத்தில் தணிக்கை பற்றி என்ன இருக்கிறது என்று பார்த்து, அந்த விதியைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள்.