தாமதம் சேர்த்தால் ஆட்டோபைலட் மனிதராகிவிடுமா?

கேள்வி: துறைமுகக் கால்வாயின் அகலம் போதுமா என்று பார்க்க, கணினியே கப்பலை ஓட்டும் சிமுலேஷன் செய்கிறேன். சுக்கானை இயக்குவது பிஐடி கன்ட்ரோலர், அதாவது பிழையைப் பார்த்து ஓயாமல் திருத்தும் தானியங்கிக் கட்டுப்பாடு. கப்பல் நடுக்கோட்டை விட்டு நகர்வதே இல்லை. துறைமுகத்தில் கப்பலுக்கு வழிகாட்டும் பைலட்கள் சிமுலேட்டரில் ஓட்டினால் தடம் அகலமாக வருகிறது. எத்தனை விநாடி தாமதம் சேர்க்கலாம்?

பதில்: தாமதம் வேண்டும்தான், ஆனால் அது மட்டும் போதாது. பெரிய கப்பல் சுக்கானுக்குப் பதில் சொல்லவே பல விநாடிகள் ஆகும். அதன் முன் மனிதரின் ஓரிரு விநாடித் தயக்கம் சிறியது. தாமதத்தை இன்னும் கூட்டினால் கன்ட்ரோலர் ஊசலாடும், அவ்வளவுதான்.

மனிதர் சுக்கானை ஓயாமல் திருத்துவதில்லை. 10 டிகிரி வைக்கிறார், காத்திருக்கிறார், கப்பல் திரும்பத் தொடங்கியதும் நடுவுக்குக் கொண்டுவருகிறார், அப்புறம் எதிர்ப்பக்கம் கொஞ்சம் கொடுத்து நிறுத்துகிறார். கப்பல் அடுத்து எங்கே போகும் என்ற கணிப்பு அவர் மனதில் ஓடுகிறது. வெல்தாய்சன், ஸ்டாசன் என்ற ஆய்வாளர்கள் 1970-களில் நெதர்லாந்தின் டெல்ஃப்டில் இதை 'அக மாதிரி' என்று வடித்தார்கள்.

நீங்களும் அதையே செய்யலாம். சுக்கானுக்குக் கப்பல் எப்படித் திரும்பும் என்று சொல்லும் எளிய நொமோட்டோ சமன்பாட்டைக் கன்ட்ரோலருக்குள் வையுங்கள். சில விநாடிக்கு ஒருமுறை அது ஹெடிங்கை, அதாவது கப்பலின் முகம் நோக்கும் திசையை, முன்கணிக்கட்டும். பிழை சகிக்கக்கூடியதாக இருந்தால் எதுவும் செய்யக் கூடாது. இல்லையென்றால் 5, 10, 15, 20 டிகிரி என்று படிப்படியான ஆணைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முக்கியமாக, அந்த அக மாதிரியில் கொஞ்சம் பிழை இருக்கட்டும். ஆழம் குறைந்த நீரிலும் காற்றிலும் கப்பல் எப்படி மாறும் என்பது அதற்கு முழுதாகத் தெரியக் கூடாது. தடம் அகலமாவதில் பெரும்பங்கு இங்கிருந்துதான் வருகிறது என்பது என் கருத்து. இந்தப் பிழையையும் சகிப்பு எல்லையையும் மாற்றி மாற்றிப் பலமுறை ஓட்டுங்கள்.

கால்வாயில் ஆணையிடுவது பைலட், சுக்கானைத் திருப்புவது மாலுமி. ஆணையைத் திரும்பச் சொல்லிவிட்டுத்தான் அவர் திருப்புவார். இந்த நேரத்தைத் தனியாக வையுங்கள். சுக்கான் எந்திரத்துக்கும் வேக வரம்பு கொடுங்கள். ஒருபக்கம் 35 டிகிரியிலிருந்து மறுபக்கம் 30 டிகிரிக்கு 28 விநாடிக்குள் வரவேண்டும் என்பது சோலாஸ் என்ற சர்வதேசக் கப்பல் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் விதி, அதாவது விநாடிக்குச் சுமார் 2.3 டிகிரி.

சரிபார்க்கும்போது தடத்தை மட்டும் ஒப்பிடாதீர்கள். ஆணைகளுக்கு இடையிலான நேரத்தையும் சுக்கான் கோணங்களின் பரவலையும் பாருங்கள். இவை பொருந்தாமல் தடம் மட்டும் பொருந்தினால், காற்று மாறியதும் மாதிரி சறுக்கும். மாதிரியைச் சீரமைக்கப் பயன்படுத்தாத பைலட்களின் ஓட்டங்களோடும் ஒப்பிடுங்கள்.

கால்வாயில் வளைவு இருந்தால் எஞ்சினையும் சேருங்கள். வேகம் குறைவான இடத்தில் சுக்கானுக்குப் பலம் கொடுக்க பைலட் எஞ்சினைக் கொஞ்ச நேரம் கூட்டுவார். சுக்கானை மட்டும் நம்பும் மாதிரி அங்கே தேவைக்கு மேல் அகலம் கேட்கும்.