630 நானோமீட்டர் படத்தில் கரும்பட்டை: மேகமா, பிளாஸ்மா குமிழா?

கேள்வி: பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகிலிருந்து, மீன்கண் லென்ஸும் 630.0 நானோமீட்டர் சிவப்பு ஒளிக்கான பில்டரும் பொருத்திய குளிரூட்டிய கேமராவில் இரவு வானைப் படமெடுக்கிறேன். வடக்குத் தெற்காகக் கரும்பட்டைகள் விழுகின்றன. அவை பிளாஸ்மா குமிழ்கள்தானா, அதாவது வளிமண்டலத்தின் மின்னேற்றமுள்ள மேலடுக்கான அயனி அடுக்கில் எலக்ட்ரான்கள் அருகிய பகுதிகளா? படத்தின் ஓரம் மட்டும் எல்லா இரவுகளிலும் இருண்டே கிடப்பது ஏன்?

பதில்: பட்டைக்குள் இருக்கும் நட்சத்திரங்களை முதலில் பாருங்கள். மேகம் என்றால் அவை மங்கும், மறையும். குமிழுக்குள் அவை சற்றும் குறையாமல் மின்னும், ஏனென்றால் அங்கே ஒளியை மறைக்க எதுவும் இல்லை. சுமார் 250 கி.மீ. உயரத்தில் ஆக்சிஜன் மூலக்கூறு அயனியும் எலக்ட்ரானும் சேரும்போது கிளர்வுற்ற ஆக்சிஜன் அணு பிறக்கிறது; அது விடுவதுதான் இந்தச் சிவப்பு வான்ஒளிர்வு, அதாவது வளிமண்டலம் தானே வீசும் மெல்லொளி. குமிழில் எலக்ட்ரான்கள் அருகிப்போவதால் ஒளியும் அருகிவிடுகிறது.

அடுத்தது நகர்வு. நள்ளிரவுக்கு முன் குமிழ்கள் பெரும்பாலும் நொடிக்கு 100 முதல் 150 மீட்டர் வேகத்தில் கிழக்கே போகும். தலைக்கு மேலே 1 பாகை என்பது அந்த உயரத்தில் ஏறத்தாழ 4.4 கி.மீ. எனவே 10 நிமிடத்தில் பட்டை குறைந்தது 13 பாகையாவது நகர்ந்திருக்க வேண்டும். வானை அண்ணாந்து எடுத்த படத்தில் கிழக்கும் மேற்கும் இடம் மாறித் தெரிந்து பலரைக் குழப்பும். அதற்கும் நட்சத்திரங்களே துணை: அவை போகும் திசைக்கு எதிராகப் பட்டை போனால் அது கிழக்கு. (காந்தப் புயல் இரவுகளில் குமிழ் மேற்கே திரும்புவதும் உண்டு.)

பட்டையே இல்லாமல் வானம் முழுக்க ஒரே சீராக மங்கினால் அது குமிழ் அல்ல. அந்தி சாய்ந்தபின் அயனி அடுக்கு மேலே எழும்போது அப்படித்தான் ஆகும்.

ஓரத்து இருட்டுக்குக் காரணம் பெரும்பாலும் பில்டர் இருக்கும் இடம். லென்ஸுக்கு முன்னால் வைத்திருந்தால் ஓரத்துக் கதிர்கள் சாய்ந்து நுழைகின்றன. சாய்வு கூடக்கூட பில்டர் விடும் அலைநீளம் நீலப் பக்கம் விலகும். 15 பாகைச் சாய்வில் விலகல் 5 நானோமீட்டர் வரை போகலாம். 2 நானோமீட்டர் அகல அலைநீளப் பட்டையை மட்டும் விடும் பில்டரில் 630.0 அப்போது வெளியே போய்விடுகிறது, மிஞ்சுவது வெறும் பின்னணி. கதிர்கள் ஏறத்தாழ இணையாக வரும் இடத்துக்கு, அதாவது லென்ஸுக்குப் பின்னால் கூடுதல் லென்ஸ்கள் அமைத்து அவற்றின் நடுவே, பில்டரை மாற்றுங்கள். பில்டரின் வெப்பநிலையும் நிலையாக இருக்கட்டும்; சூடேறினால் சிவப்புப் பக்கம் நகரும்.

எக்ஸ்போஷர் 90 முதல் 120 நொடி போதும். கிளர்வுற்ற ஆக்சிஜன் அணுவின் ஆயுளே ஏறத்தாழ 110 நொடி என்பதால், அதைவிட வெகுவாகக் குறைத்தும் கூர்மை பெரிதாகக் கூடாது. ஒவ்வொரு படத்திலும் முதலில் இருள்படத்தை (லென்ஸை மூடி எடுத்த படத்தை) கழியுங்கள். வான்ஒளிர்வுக் கோடு இல்லாத அலைநீளத்திலும் இடையிடையே ஒரு படம் எடுங்கள்: ஊர் விளக்கொளி படும் மேகம் அதில் வெளுத்துத் தெரியும், குமிழ் தெரியவே தெரியாது.