வர்றவங்கள நிறுத்தினா வாடகை குறையுமா? (கடிதமும் பதிலும்)

சார் வணக்கம்,

பெருநகரங்கள பத்தி நீங்க எழுதினத படிச்சேன். வெளியூர்ல இருந்து ஜனங்க வந்து குவியறதாலதான வாடகை இப்படி எகிறுது? அரசாங்கம் அத கொஞ்சம் கட்டுப்படுத்தினா என்ன? அதுவும் முடியாதுன்னா வீடு வாங்கறவங்களுக்கு மானியமாவது குடுக்கலாமே?

ஒரு வாசகர்

வணக்கம் நண்பரே,

முதல்ல கேட்டீங்களே, அத சீனா செஞ்சே பாத்துடுச்சு. 1958ல ஹுகோன்னு ஒரு குடும்பப் பதிவு முறைய சட்டமாக்கினாங்க, கிராமத்துல பதிவானவர் நகரத்துக்கு குடிபோகணும்னா அனுமதி வேணும். ரேஷன் இருந்த வரைக்கும் இது நல்லாவே வேலை செஞ்சது, பதிவு இல்லாதவருக்கு நகரத்துல தானியமே கிடைக்காது, அப்புறம் எங்க போய் தங்கறது. 80கள்ல ஆலைகளுக்கு ஆள் தேவைப்பட்டதும் கோடிக்கணக்குல கிளம்பி வந்துட்டாங்க, அரசாங்கமும் கண்டுக்காம விட்டுடுச்சு, ஆனா பதிவ மட்டும் மாத்திக் குடுக்கல. அதனால உழைக்க ஆள் வேணும், ஆனா அவங்க பிள்ளைக்கு நகரத்து ஸ்கூல்ல இடம் கிடையாதுன்னு ஆச்சு, பல பேர் குழந்தைய தாத்தா பாட்டிகிட்ட விட்டுட்டு வந்தாங்க. வாடகையாவது குறைஞ்சதான்னா அதுவும் இல்ல. பெய்ஜிங்ல பழைய வெடிகுண்டு பதுங்கு அறைகள்லயே ஆயிரக்கணக்கானவங்க வாடகைக்கு குடியிருந்தாங்க.

வேலை இருக்கற இடத்துக்கு ஆள் வரத்தான் செய்வாங்க. வந்தவங்களுக்கு வீடு கட்ட அரசாங்கம் விடுதா இல்லையா, என்னோட கேள்வி அதுதான்.

டோக்கியோவ பாருங்க. ஜப்பானோட ஜனத்தொகை குறைஞ்சுகிட்டு இருக்கு, ஆனா டோக்கியோவுக்கு மட்டும் மத்த ஊர்கள்ல இருந்து ஆள் வந்துகிட்டே இருந்தாங்க. அப்படியும் லண்டன், சான் பிரான்சிஸ்கோ அளவுக்கு அங்க வாடகை எகிறல. பொருளாதாரம் மந்தமா இருந்ததும் ஒரு காரணம்தான், அத மறைக்க வேண்டாம். ஆனா எந்த இடத்துல என்ன கட்டலாம்ங்கற வகைகளை அங்க தேசிய சட்டமே வகுத்து வெச்சிருக்கு, உங்க பிளான் விதிக்குள்ள இருந்தா அனுமதி கிடைச்சுடும், பக்கத்து வீட்டுக்காரருக்கு பிடிக்கலன்னு பொதுவா நிறுத்திட முடியாது. சான் பிரான்சிஸ்கோல பல வருஷமா தலைகீழா இருந்துச்சு. விதிப்படியே போட்ட பிளானுக்கும் அக்கம்பக்கத்துக்காரர் ஆட்சேபணை குடுத்து மாசக்கணக்குல இழுக்க முடிஞ்சுது. ஏற்கெனவே வீடு வெச்சிருக்கறவருக்கு அங்க ஓட்டு இருக்கு, நாளைக்கு குடிவரப் போறவருக்கு இல்ல. (உள்ளூர் அரசியல்வாதிய திட்டி பிரயோஜனம் இல்ல, அவர் தன் வாக்காளர் சொல்றதத்தான் கேக்கறாரு.)

வாடகைய உறைய வெச்சா போதும்னு சொல்றவங்களும் உண்டு. பம்பாய்ல 1947 சட்டம் வாடகைய 1940 அளவுல கட்டிப் போட்டுச்சு. உள்ள இருந்தவங்களுக்கு லாபம்தான். ஓனர் ரிப்பேர் செய்யறத விட்டுட்டாரு, வாடகைக்குன்னு புதுசா கட்டறவங்களும் குறைஞ்சுட்டாங்க, குடிவரணும்னா பகடின்னு மொத்தமா ஒரு தொகைய கைல வைக்கணும்னு ஆயிடுச்சு.

நியூசிலாந்துல ஆக்லாந்து 2016ல குடியிருப்பு நிலத்துல சுமார் முக்கால் பங்குல இன்னும் நெருக்கமா கட்டலாம்னு விதிய தளர்த்துச்சு, அதுக்கப்புறம் அந்த இடங்கள்ல கட்டட அனுமதிகள் நல்லா கூடுச்சு. எனக்கு இந்த வழிதான் பிடிச்சிருக்கு, ஆனா பலன் தெரிய வருஷங்கள் ஆகும், அடுத்த தேர்தலுக்குள்ள ரிப்பன் வெட்ட எதுவும் இருக்காது.

மானியம் பத்தி. இங்கிலாந்துல 2013ல புது வீடு வாங்கறவங்களுக்கு அரசே கடன் குடுத்து உதவற திட்டம் வந்துச்சு. லண்டன் பக்கம் கட்ட இடமும் அனுமதியும் கஷ்டம், அங்க வீட்டு விலைதான் ஏறுச்சு, வீடு பெருசா கூடல, உதவின்னு குடுத்தது பில்டருக்கும் நிலம் வெச்சிருந்தவருக்கும் போய் சேந்துச்சு. நிலம் தாராளமா இருந்த வேல்ஸ் எல்லைப் பக்கம் அந்தத் திட்டத்தால நெஜமாவே புது வீடுகள் கூடுச்சு. அதனால மானியமே கூடாதுன்னு நான் சொல்லல, கட்ட விட்டதுக்கு அப்புறம் குடுங்கன்னுதான் சொல்றேன்.