சுகர் மெஷினின் விலையைக் கேட்காதீர்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சர்க்கரை நோய்க்கான கருவிகளைப் பற்றியவை. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் சொசைட்டியில் நடந்த மருத்துவ முகாமில் சுகர் மெஷின் இலவசமாகக் கொடுத்தார்கள், கூடவே 10 ஸ்ட்ரிப். தீர்ந்ததும் வாங்கப் போனால் 25 ஸ்ட்ரிப் 600 ரூபாய், அதுவும் ஒரே ஒரு மெடிக்கலில்தான் கிடைக்கிறது. வேறு கம்பெனி ஸ்ட்ரிப் போடலாமா?
- வாசகர், செம்பூர்

பதில்: போடக்கூடாது. ஸ்ட்ரிப்பில் தடவியிருக்கும் என்சைம் ரத்தத்தில் உள்ள குளுக்கோஸோடு சேர்ந்து மிகச் சிறிய மின்னோட்டத்தை உண்டாக்குகிறது, மெஷின் அதை எண்ணாக மாற்றுகிறது. அந்தக் கணக்கு அந்த ஸ்ட்ரிப்புக்கு என்றே போடப்பட்டது. வேறு ஸ்ட்ரிப் பெரும்பாலும் உள்ளேயே நுழையாது. நுழைந்தாலும் வருகிற எண்ணை நம்ப முடியாது.

இந்த விஷயத்தை நான் பல தடவை எழுதியிருக்கிறேன், இன்னும் எழுதுவேன். மெஷின் என்ன விலை என்று கேட்பதை விட்டுவிடுங்கள். உங்கள் கணக்குப்படி ஒரு ஸ்ட்ரிப் 24 ரூபாய். தினமும் இரண்டு தடவை பார்க்கிறவருக்கு வருஷத்துக்கு 17,520 ரூபாய் ஆகிறது, இதில் மெஷின் இலவசமா 800 ரூபாயா என்பதற்கு என்ன மதிப்பு இருக்கிறது? முகாமில் மெஷினைக் கையில் கொடுத்தவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். நோய் வந்த பயத்தில் இருக்கும் மனிதரிடம் அதைச் சொல்லாமல் இருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்குக் கோபம்.

முதலில் ஸ்ட்ரிப் விலையைக் கேளுங்கள். அப்புறம் வீட்டுக்குப் பக்கத்தில் எத்தனை கடையில் அது கிடைக்கிறது என்று நடந்து போய்ப் பாருங்கள். பெட்டியில் இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் இருக்கிறதா என்று பாருங்கள். என் மாமனாருக்காக மும்பை பிரின்சஸ் ஸ்ட்ரீட் மொத்த விலைக் கடை ஒன்றில் ஒரு வெளிநாட்டு மெஷின் வாங்கினேன். லைஃப்டைம் வாரன்டி என்று அடித்துச் சொன்னார்கள். மெஷின் இன்றைக்கும் வேலை செய்கிறது, ஆனால் ஸ்ட்ரிப் வருவது ஒரே வருஷத்தில் நின்றுவிட்டது, கேட்கப் போனால் கடையில் அந்தப் பெயரே தெரியாது என்றார்கள்.

இன்னொன்று, நம் ஊர் மழைக்காலம். ஸ்ட்ரிப்புக்கு ஈரம் ஆகாது. வருகிற டப்பாவிலேயே வைத்து, ஒன்றை எடுத்தவுடன் மூடிவிட வேண்டும், வேறு டப்பாவுக்கு மாற்றக்கூடாது. பல கம்பெனிகளில் டப்பாவைத் திறந்து மூன்று மாதம்தான் கணக்கு. வாரத்துக்கு இரண்டு தடவை பார்க்கிறவர் மலிவாக இருக்கிறதே என்று 50 ஸ்ட்ரிப் உள்ள டப்பாவைத் திறந்தால் பாதி குப்பைக்குத்தான் போகும். 2025 செப்டம்பர் 22 முதல் மெஷினுக்கும் ஸ்ட்ரிப்புக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது, பில்லில் அதையும் பாருங்கள்.

கேள்வி: குத்தாமலே சுகர் காட்டும் ஸ்மார்ட் வாட்ச் 2,999 ரூபாய்க்கு அப்பாவுக்கு வாங்கினேன். சரியாகக் காட்டுமா?
- வாசகர், தானே

பதில்: காட்டாது. தோலைத் துளைக்காமல் தானே சர்க்கரையை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. இன்றே திருப்பி அனுப்புங்கள். அதில் வருகிற எண்ணை வைத்து அப்பா மாத்திரையைக் கூட்டிக் குறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெறும் வயிற்றில் வீட்டு மெஷினில் 142, அதே நேரம் லேபில் 128. மெஷின் பழுதா?
- வாசகி, மாட்டுங்கா

பதில்: பழுது இல்லை. ஐஎஸ்ஓ 15197 என்ற தரநிலை 100-க்கு மேல் 15 சதவீதம் வரை வித்தியாசத்தை ஏற்கிறது, 100-க்குக் கீழே 15 புள்ளி வரை. 128-க்கு 15 சதவீதம் என்றால் 19, உங்களுக்கு 14தான். சாப்பிட்ட பிறகு ஒப்பிட்டால் விரல் ரத்தத்தில் இயல்பாகவே கூடுதலாகக் காட்டும், அதனால் வெறும் வயிற்றில் ஒப்பிட்டது சரி. கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். மாம்பழம் நறுக்கிய விரலில் எடுத்தால் மாம்பழத்தின் சர்க்கரையும் சேர்ந்துவிடும்.

கேள்வி: ஒரே இன்சுலின் பேனா ஊசியை எத்தனை தடவை போடலாம்?
- வாசகர், கோரேகாவ்

பதில்: ஒரு தடவை.

கேள்வி: அம்மாவுக்கு தினமும் காலையில் பாட்டில் இன்சுலின் 20 யூனிட். சிவப்பு மூடி ஊசி ஸ்டாக் இல்லை என்று கெமிஸ்ட் ஆரஞ்சு மூடி ஊசி கொடுத்தார், எல்லாம் ஒன்றுதான் என்றார். பத்து நாளாக சுகர் 300-க்குக் கீழே இறங்கவில்லை.
- வாசகி, தாராவி

பதில்: அம்மாவுக்கு இந்தப் பத்து நாளும் போனது 8 யூனிட்டாக இருக்கும். பாட்டில் லேபிளைப் பாருங்கள், நம் நாட்டில் பாட்டில் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லியில் 40 யூனிட். பேனாவுக்கான கார்ட்ரிட்ஜில் 100. சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. ஆரஞ்சு மூடி ஊசியில் 20 என்ற கோடு வரை இழுத்தால் 0.2 மில்லி, மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்தானால் அதில் 8 யூனிட்தான் இருக்கும். இதுவே தலைகீழாக, மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் 20 வரை இழுத்திருந்தால் 50 யூனிட் போயிருக்கும், உயிருக்கே ஆபத்து.

உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. கடையில் நம்பித்தான் கேட்டீர்கள். ஊசியை மாற்றுவதற்கு முன்னால் டாக்டரிடம் இதை அப்படியே சொல்லுங்கள், இன்றைக்கே. சுகர் 300 என்று பார்த்து அவர் நடுவில் அளவைக் கூட்டியிருந்தால், அந்தக் கூட்டிய அளவைச் சிவப்பு மூடி ஊசியில் போடும்போது சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும்.

மீதி ஊசி, கவர், பில் எதையும் தூக்கிப் போடாதீர்கள். பில் இல்லையென்றால் யுபிஐ செலுத்திய பதிவாவது இருக்கும். மகாராஷ்டிர அரசின் உணவு, மருந்து நிர்வாகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள், நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதியுங்கள். நஷ்டஈடு கேட்க விரும்பினால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. ஒரு ஊசி சில ரூபாய்தானே, இதற்கெல்லாமா என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

கேள்வி: கையில் ஒட்டிக்கொண்டு போனில் சுகர் பார்க்கும் சென்சார் மூன்றைத் தள்ளுபடியில் வாங்கினேன். என் போனில் ஆப் இறங்கவில்லை. நண்பர் போனில் ஒன்றைத் தொடங்கினேன், இப்போது என் புது போன் அதைப் படிக்கவில்லை. மற்ற இரண்டும் அடுத்த மாதம் காலாவதி. பணம் திரும்ப வருமா?
- வாசகர், முலுண்ட்

பதில்: தொடங்கிய சென்சாருக்கு வராது. எந்த போன்களில் ஆப் ஓடும் என்ற பட்டியலைக் கம்பெனியே போட்டிருக்கிறது, ஆயிரக்கணக்கில் பணம் கட்டும் முன் அதைப் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகாது. இந்த வகைச் சென்சாரை எந்த போனில் தொடங்குகிறோமோ அதில்தான் கடைசிவரை படிக்க முடியும். பிரிக்காத இரண்டையும் திருப்பி எடுக்கச் சொல்லி விற்றவருக்கு இன்றே எழுதுங்கள். மாட்டேன் என்றால், ஒன்று 14 நாள் என்று வைத்தாலும் இரண்டையும் காலாவதிக்குள் போட்டு முடிக்கப் பாருங்கள்.

சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை, தோலுக்கடியில் திசுக்களுக்கு நடுவே உள்ள நீரை அளக்கிறது. அதனால் சில நிமிஷம் பின்தங்கித்தான் காட்டும். கை நடுங்கி வியர்க்கிறது, சென்சாரில் சாதாரணமாக இருக்கிறது என்றால் விரலில் குத்திப் பாருங்கள். சென்சார் உள்ள கையை அழுத்திப் படுத்தாலும் குறைவாகக் காட்டும். லிப்ரே என்ற பெயரில் வரும் சென்சாரில் தினம் 500 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி மாத்திரை போட்டால் கூடுதலாகக் காட்டக்கூடும்.

கேள்வி: என் 11 வயது மகளுக்கு டைப் 1, அதாவது உடம்பே இன்சுலின் சுரக்காத வகைச் சர்க்கரை நோய். நாள் முழுக்கக் குழாய் வழியாக மருந்து செலுத்தும் இன்சுலின் பம்ப் புதிதாக வாங்கினால் பல லட்சம் சொல்கிறார்கள். ஒருவர் இரண்டு வருஷம் பயன்படுத்தியதை 90,000 ரூபாய்க்குத் தருகிறார். வாங்கலாமா?
- ஒரு தாய், அந்தேரி

பதில்: வேண்டாம் அம்மா. பம்பின் வாரன்டி பொதுவாக முதலில் வாங்கியவர் பெயரில்தான் இருக்கும். 2019 நவம்பரில் மெட்ரானிக் என்ற பம்ப் கம்பெனி தன் மினிமெட் 600 வரிசைப் பம்புகளில் மருந்துக் குப்பியைப் பிடித்து நிறுத்தும் வளையம் உடையலாம் என்று திரும்ப அழைத்தது. அப்படி ஒரு அறிவிப்பு வந்தால் அது பழைய உரிமையாளருக்குப் போகும், உங்களுக்கு வராது. பம்பில் வேகமாக வேலை செய்யும் இன்சுலின் மட்டும்தான் இருக்கிறது, ராத்திரி குழாய் மடங்கி மருந்து நின்றால் சில மணி நேரத்தில் குழந்தையின் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏற ஆரம்பித்துவிடும். யாருடையது என்று தெரியாத மெஷினை நம்பி அவளைத் தூங்க வைக்காதீர்கள்.

பேனாவில் நாளுக்கு நான்கு ஊசியும் ஒரு சென்சாரும் வைத்து நன்றாகப் படித்து விளையாடும் குழந்தைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பணம் சேரும்வரை அதுவே போதுமா என்று அவளுடைய டாக்டரிடம் கேளுங்கள். பிறகு புதிதாக வாங்கும்போது, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை மாற்றும் குழாய் செட் வருஷத்துக்கு எவ்வளவு ஆகும், பம்ப் நின்றால் மும்பையில் எத்தனை மணி நேரத்தில் மாற்றுப் பம்ப் வீட்டுக்கு வரும், வாரன்டி எத்தனை வருஷம் என்ற மூன்றையும் கம்பெனியிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு முன்பணம் கொடுங்கள். பம்ப் வந்த பிறகும் பேனாவும் நீண்ட நேர இன்சுலினும் ஃப்ரிட்ஜ் கதவுத் தட்டில் எப்போதும் இருக்கட்டும், ஃப்ரீசரில் மட்டும் வைக்காதீர்கள்.